யார் வரைந்தது?

வரைபடக் குழுவின் தலைமை பெர்னிஸ் கேட்டு வாங்கிய பதவி அல்ல. முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தக் கட்டடப் பொறியியல் அலுவலகத்தில், கணினியில் அவளைப் போல வேகமாகவும் சுத்தமாகவும் வரைகிற ஆள் வேறு யாரும் இல்லை. முதலாளி சிவநேசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "இனிமே டீம நீதான் பாத்துக்கணும்மா" என்றார். நன்றாக வரைகிறவளுக்கு வரைகிறவர்களை நடத்தவும் வரும் என்று அவர் நினைத்தார். பெர்னிஸும் அப்படித்தான் நினைத்தாள்.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். அமுதவள்ளிக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். அவசரப்படாமல் வரைவாள், வரைந்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். டேரன் அவளைவிட இளையவன். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். அலுவலகத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அவன் மேசைப் பக்கமிருந்துதான் வரும். ஹஃபிஸ் மலாய்க்காரன், தமிழ் ஓரளவு புரியும், அதிகம் பேசமாட்டான். கொடுத்த வேலையைச் சொன்ன நேரத்துக்குள் முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

தலைமைக்கு வந்ததும் அவளிடம் வந்த முதல் பெரிய வேலை கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையம். டாக்டர் கார்த்திகேசு சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பெர்னிஸின் வீடும் கிள்ளான்தான். தினமும் கொமுட்டர் ரயிலில் வந்துபோகும்போது அந்தக் கட்டடம் எழும்புவதைத் தன் ஊருக்குத் தான் செய்கிற காரியமாக அவள் நினைத்துக்கொண்டாள். அதனால்தானோ என்னவோ, சிவநேசன் தேதி கேட்டபோது, "வெள்ளிக்கிழமையே குடுத்திடலாம் சார்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தாலும் அவர் சரி என்றிருப்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் அமுதவள்ளி அவள் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, மாடித் தளத்து பைப் டிராயிங்க இன்னொரு தடவ பாக்கணும். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? சார்கிட்ட வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டேன்லா. நீ செஞ்சா தப்பு வராது. அனுப்பிடலாம்."

பாராட்டாகத்தான் அதைச் சொன்னாள். அமுதவள்ளி தன் இடத்துக்குப் போனாள். வெள்ளிக்கிழமை மாலை எல்லா வரைபடங்களும் போயின. "பரவாயில்லையே" என்றார் சிவநேசன். அன்று ரயிலில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனபோதும் பெர்னிஸுக்குக் கால் வலிக்கவில்லை.

மாடித் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றி, காய்ந்து, அடியில் கொடுத்திருந்த பலகைகளைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒவ்வொருவரின் நாற்காலிக்குப் பின்னாலும் தண்ணீர் வரவும் வெளியேறவும் குழாய் வேண்டும். அந்தக் குழாய்களுக்காகத் தளத்தில் துளைகள் விட்டுத்தான் கான்கிரீட் ஊற்றுவார்கள். துளைகள் இருந்தன, வரிசையாக, அழகாக. ஆனால் நாற்காலிகளுக்குப் பின்னால் இல்லை. செவிலியர்கள் நடக்கவேண்டிய வழியின் நட்டநடுவே இருந்தன. நாற்காலிகளைத் தருகிற நிறுவனம் அவற்றின் வரிசையை மாற்றிப் புதிய படம் அனுப்பியிருந்தது. அது பொதுக் கோப்புறையில் வந்து கிடந்தது. அனுப்பும் அவசரத்தில் யாரும் அதைத் திறக்கவில்லை.

சைட்டில் கூடினார்கள். டாக்டர் கார்த்திகேசு, சிவநேசன், கட்டடக் குத்தகையாளரின் சைட் மேனேஜர் திருச்செல்வம், பெர்னிஸ் ஆகியோர் நின்றிருந்தார்கள். வரைபடச் சுருளைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தாள் அமுதவள்ளி. கொடுத்திருந்த பாதுகாப்புத் தொப்பி அவளுக்குப் பெரிதாக இருந்ததால் நெற்றியில் சரிந்து சரிந்து விழுந்தது.

டாக்டர் ஒரு துளையின் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அதன் வழியாகக் கீழ்த்தளத்து வெளிச்சம் தெரிந்தது. நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இத யாரு வரைஞ்சது?"

சிவநேசன் பெர்னிஸைப் பார்த்தார். திருச்செல்வமும் பார்த்தான்.  யோசிக்க நேரம் இருந்ததா இல்லையா என்று பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள், இருந்தது.

"அமுதவள்ளி வரைஞ்சது டாக்டர்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அமுதவள்ளி சரிந்த தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "ஆமா, நான்தான்" என்றாள்.  ரெண்டு நாள் கேட்டதைச் சொல்லவில்லை. திருச்செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கான்கிரீட்டைக் குடைந்து புதுத் துளை போட என்ன ஆகும் என்று பேச ஆரம்பித்தான்.

அலுவலகத்துக்குத் திரும்ப இருவரும் கிள்ளானில் ரயில் ஏறினார்கள். ஷா ஆலம் தாண்டியதும் பெர்னிஸ் சொன்னாள்: "மனசுல வச்சுக்காத அமுதா. அவரு கேட்டாரு, சொல்ல வேண்டியதாப் போச்சு."

"பரவாயில்லக்கா."

சுபாங் ஜெயாவில் கூட்டம் ஏறியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். அமுதவள்ளி எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கதவோரமாகப் போய் நின்றுகொண்டாள். கேஎல் சென்ட்ரல் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது பெர்னிஸ் கணவன் கால்வினிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணுதானே வரைஞ்சது?" என்று கேட்டான்.

"ஆமா."

"அப்புறம் என்ன? நீ ஒண்ணும் பொய் சொல்லலையே."

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. பொய் சொல்லவில்லை. பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

அலுவலகத்தில் வெளிப்படையாக எதுவும் மாறவில்லை. யாரும் முறைக்கவில்லை, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் கேள்விகள் மின்னஞ்சலில் வர ஆரம்பித்தன. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற ஹஃபிஸ், இந்தச் சுவரின் கோடு தடிமனாக இருக்கவேண்டுமா மெல்லியதாக இருக்கவேண்டுமா, தயவுசெய்து உறுதிப்படுத்தவும் என்று எழுதினான். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எழுதிக் கேட்டான். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டேரனிடம், "இந்தப் படி கொஞ்சம் ஒதுங்கி வந்தா நல்லாருக்கும்ல?" என்று அபிப்பிராயம் கேட்டால், முன்பென்றால் நாலு யோசனை சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்திருப்பான். இப்போது, "நீங்க சொல்லுங்கக்கா, மாத்திடுறேன்" என்றான். அமுதவள்ளி எப்போதும்போல வேலை செய்தாள். ஆனால் எதையும் கேட்கவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள் என்று அவகாசம் கேட்கவும் இல்லை.

வேலை மந்தமானது. பெர்னிஸ் முதலில் அவர்களுக்கு உற்சாகம் போதவில்லை என்று நினைத்தாள். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கரிபாப் வாங்கிவந்து வைத்தாள். நன்றி சொல்லித் தின்றார்கள். மனிதவளப் பிரிவு அவளைப் ஒரு ஹோட்டலுக்குத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே ஒருவர் பந்தை ஆளுக்கு ஆள் வீசச் சொல்லி, பந்தைப் பிடித்தவர் தன் குழுவின் பலத்தைச் சொல்லவேண்டும் என்றார். பந்து பெர்னிஸிடம் வந்தபோது, "எங்க டீம்ல யாரும் சண்டை போடுறதில்ல" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு மட்டும் அது நல்ல செய்தியா என்று சந்தேகமாக இருந்தது.

பயிற்சியில் கேட்டுவந்ததை வைத்து, மாதாமாதம் சிறந்த பணியாளருக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தாள். முதல் சான்றிதழை அமுதவள்ளிக்கே கொடுத்தாள். அது காயத்துக்கு மருந்தாகும் என்று நினைத்தாள். அமுதவள்ளி இரண்டு கையாலும் வாங்கி, "தேங்க்ஸ்க்கா" என்றாள். மறுநாள் அவள் மேசையைக் கடந்து போனபோது அந்தச் சான்றிதழ் தேநீர்க் குவளைக்கு அடியில் இருந்தது. வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. அங்கே ஒரு அட்டை தேவைப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

பெர்னிஸுக்குக் கோபம் வந்தது. இதற்குமேல் என்ன செய்யமுடியும்? நான் வரைந்துகொண்டிருந்தபோது யார் எனக்கு கரிபாப் வாங்கிக்கொடுத்தார்கள்? இப்படிப் பல நாள் மனத்துக்குள் வழக்காடிக்கொண்டே ரயிலில் போய்வந்தாள்.

ஒரு புதன்கிழமை மதியம் தேநீர் கலக்க அலுவலகத்துச் சின்ன அடுக்களைக்குப் போனாள். அமுதவள்ளி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"யாரு செஞ்சதுன்னு கேக்கமாட்டேன்னு சொல்லுங்க."

பெர்னிஸின் கையிலிருந்த கரண்டி குவளைக்குள் நின்றது. ஒரு சாதாரண வேலை விஷயத்தைத் தன்னிடம் சொல்வதற்கு, தன்னிடமிருந்தே பாதுகாப்பு கேட்கவேண்டிய இடத்துக்கு இவர்கள் வந்துவிட்டார்கள். அந்தக் கோரிக்கையின் முன்னால் அவளுடைய இத்தனை நாள் வழக்காடலும் ஒன்றுமில்லாமல் போனது.

"கேக்கமாட்டேன்" என்றாள்.

"கிள்ளான் சைட்டு. பின்வாசல் ரேம்ப். வெள்ளம் வந்தா உள்ள தண்ணி ஏறக்கூடாதுன்னு டாக்டர் தரைய ஒசத்தச் சொன்னார்ல? ரேம்ப் மட்டும் பழைய தரைக்கு வரைஞ்சிருக்கு. மேல போய்ச் சேந்தா கதவுக்கு முன்னாடி ஒரு படி ஒசரம் நிக்கும். சக்கர நாற்காலி ஏறாதுக்கா. ஸ்ட்ரெச்சர் தள்ள முடியாது."

"எப்பத் தெரிஞ்சது?"

"திங்கக்கிழமையே தெரியும்."

"கான்கிரீட் எப்ப?"

"நாளைக்குக் காலைல."

பெர்னிஸ் தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் தன் மேசைக்கு ஓடினாள். வரைபடத்தைத் திறந்தாள். அமுதவள்ளி சொன்னது சரி. பின்வாசல் வரைபடத்தில் மூன்று பேருமே மாறி மாறிக் கை வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பின் விவரத்தைத் திறந்தால் ரேம்ப்பை யார் போட்டது, எப்போது போட்டது எல்லாம் வந்துவிடும். ஒரு சொடுக்குத்தான். கை தானாக அங்கே போனது. அறையில் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் யாருடைய விசைப்பலகையிலும் சத்தம் இல்லை. பெர்னிஸ் கையை எடுத்து, கைப்பேசியை எடுத்தாள்.

"திருச்செல்வம், பின்வாசல் ரேம்ப்ப நிறுத்துங்க. நாளைக்கு ஊத்தாதீங்க."

"என்னக்கா வெளையாடுறீங்களா? கான்கிரீட் லோரிக்குச் சொல்லியாச்சு. கம்பியெல்லாம் கட்டியாச்சு. ஆளுங்க அவ்ளோ தூரம் பந்திங்லேர்ந்து வராங்க."

"கம்பியக் கழட்டிக்கலாம். கான்கிரீட்ட ஒடைக்கணும்னா உங்களுக்கும் தலவலி, எனக்கும் தலவலி. டிராயிங்ல தப்பு இருக்கு. எங்க தப்புதான்."

மறுமுனையில் அவன் யாரையோ மலாயில் திட்டுவது கேட்டது. பிறகு, "எழுத்துல அனுப்புங்க. இப்பவே அனுப்புங்க" என்றான்.

அனுப்பினாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, மூவரையும் பார்த்துச் சொன்னாள்: "ரேம்ப்ப நீட்டி, ஒரு திருப்பம் வச்சு வரையணும். ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா இன்னைக்கே முடியும். இடம் பத்துமான்னு மொதல்ல யாராச்சும் பாருங்க."

மூவரும் அந்தப் படத்தைத் தங்கள் திரையில் திறந்தார்கள். பிறகு ஹஃபிஸ் எழுந்து, மின்னஞ்சல் எழுதாமல் நேராக அவள் மேசைக்கே வந்து, வேலியைக் கொஞ்சம் தள்ளினால் இடம் இருக்கிறது என்று திரையில் காட்டினான்.

அடுத்த வாரம் சைட்டில் மறுபடியும் கூட்டம். இம்முறை கன்டெய்னர் அலுவலகத்துக்குள். அமுதவள்ளி வரவில்லை. டாக்டர் கார்த்திகேசு புதிய ரேம்ப்பின் படத்தைப் பார்த்தார். தவறு ஊற்றுவதற்கு முன்பே பிடிபட்டதில் அவருக்கு நிம்மதி இருந்தது. ஆனால் பொறுமை குறைந்திருந்தது.

"இதுவும் அதே பொண்ணா?" என்று கேட்டார்.

பெர்னிஸுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அன்றைக்கு அவள் சொன்ன பெயர் அந்த ஒரு தவறோடு முடிந்துவிடவில்லை. இந்தக் கட்டடத்தில் இனி எது கோணினாலும் அந்தப் பெயர்தான் முதலில் வரும்.

"யாருன்னு எனக்குத் தெரியாது டாக்டர்."

சிவநேசன் சட்டென்று நிமிர்ந்தார்.

"தெரியாதா?" என்றார் டாக்டர்.

"கேக்கல டாக்டர். கேக்கமாட்டேன்னு சொன்னதாலதான் எங்கிட்ட வந்து சொன்னாங்க. இல்லாட்டி அந்த ரேம்ப் இப்ப காஞ்சு கெடக்கும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லணும். போன தடவ பைப் ஓட்டைக்கு ஒருத்தங்க பேரச் சொன்னேன். சரிபாக்க ரெண்டு நாள் வேணும்னு அவங்க கேட்டாங்க. நான் குடுக்கல. யாரும் அவசரப்படுத்தல, நானாத்தான் தேதிய முன்னாடி கொண்டு வந்தேன். அத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

டாக்டர் படத்தைச் சுருட்டினார். கடைசியில், "சரி, ரேம்ப் எப்ப முடியும்னு சொல்லுங்க" என்றார். திருச்செல்வம் ஒரு தேதி சொன்னான். கூட்டம் முடிந்தது.

திரும்பும்போது சிவநேசனின் காரில் போனாள். வண்டி ஃபெடரல் ஹைவேயில் ஏறியது.

"ஒரு மேனேஜர் கிளையன்ட் முன்னாடி தெரியாதுன்னு சொல்லலாமாம்மா?" என்றார் அவர்.

"தெரிஞ்சுக்க ஒரு நிமிஷம் போதும் சார். தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவ எங்கிட்ட யாரும் வரமாட்டாங்க."

"இப்படி விட்டா யாருக்கும் பயமே இருக்காது."

"பயம் இருந்துச்சு சார். அதனாலதான் திங்கக்கிழமை தெரிஞ்சது புதன்கிழமை வரைக்கும் வெளிய வரல."

அவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் நெருங்கும்போது, "அந்தப் பூச்சோங் வேலைய உங்கிட்ட குடுக்கிறதப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். அப்புறம் என்றால் இல்லை என்றுதான் பொருள் என்று பெர்னிஸுக்குத் தெரியும். அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த, பள்ளி மண்டபம், நீச்சல்குளம் எல்லாம் சேர்ந்த பெரிய வேலை அது. வருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மதிய உணவுக்கு வாழையிலைக் கடையில் உட்கார்ந்திருந்தபோது டேரன் வந்து எதிரே உட்கார்ந்தான். சாப்பாடு சொல்லவில்லை.

"அக்கா, ரேம்ப் நான்தான்."

"சரி."

"கைப்பிடி போடுறப்பத்தான் பாத்தேன். சொல்லணும்னுதான் நெனச்சேன். இப்பத்தான் வேல நிரந்தரமாச்சு... அமுதாக்காவையே அப்படிச் சொன்னீங்க, நான் எம்மாத்திரம்னு தோணுச்சு. அவங்கதான், நீ சொல்றியா நான் சொல்லட்டுமான்னு கேட்டாங்க."

பெர்னிஸ் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டியது எது, கேட்கக்கூடாதது எது என்று இன்னமும் அவளுக்குச் சரளமாக வரவில்லை.

"பழைய தரைமட்டத்த எங்கேர்ந்து எடுத்த?" என்றாள்.

"மொத ஷீட்லேர்ந்து. அதுல பழைய நம்பர்தான் இருக்கு. இன்னமும் மாத்தல."

"அத மாத்தவேண்டியது நான். டாக்டரோட மீட்டிங்குக்குப் போனது நான்தானே." அவள் கடைக்காரரைக் கைகாட்டி அழைத்தாள். "அண்ணே, இவனுக்கும் ஒரு எல போடுங்க."

சாப்பிட்டுக்கொண்டே இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மட்டங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும், மாறினால் அங்கேதான் மாற்றவேண்டும், மற்றப் படங்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளவேண்டும். அதைச் செய்துதர டேரனே முன்வந்தான். எழுந்து கை கழுவப் போகும்போது, "ஒரு படி ஒசரத்துல நாற்காலிய ஏத்தணும்னா ஃபோர்க்லிஃப்ட்தான் வாங்கணும்" என்று முனகினான். பெர்னிஸ் பல வாரங்களுக்குப் பிறகு அவனுடைய கேலியைக் கேட்டாள்.

அமுதவள்ளியிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. அவள் அடுக்களையில் தனியாக இருந்த நேரம் பார்த்து பெர்னிஸ் போனாள்.

"அமுதா, சைட்ல டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாள் நீ கேட்டத, நான் குடுக்காதத."

"திருச்செல்வம் அண்ணே போன்ல சொன்னாரு."

"நான் அன்னைக்குச் செஞ்சது தப்பு."

அமுதவள்ளி குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "பேர நான் இருக்கும்போது சொன்னீங்க. மன்னிப்ப நான் இல்லாதப்ப கேட்டீங்க."

துடைத்த குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"நீங்க சொன்னது உண்மைக்கா. அதுதான் எனக்குக் கஷ்டம். பொய்யா இருந்தா அங்கேயே சண்ட போட்டிருப்பேன். பாதி உண்மைய வச்சுக்கிட்டு யார்கிட்ட போய் என்ன பேசுறது? ரெண்டு நாள் கேட்டேன்னு நானே சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றான்னு நெனைப்பாங்க. அத நீங்கதான் சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றாள் பெர்னிஸ். "நாந்தான் சொல்லியிருக்கணும்."

மறுநாள் காலை, எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், டேரனும் ஹஃபிஸும் கேட்க, அமுதவள்ளியைப் பார்த்துத் தன் தப்பை அப்படியே சொன்னாள். ஹஃபிஸுக்காக மலாயிலும் ஒருமுறை சொன்னாள். இரண்டாம் மொழியில் சொல்லும்போது அது இன்னும் வெட்டவெளிச்சமாக இருந்தது; சுற்றி வளைக்க அவளுக்கு அந்த மொழியில் சொற்கள் போதவில்லை. அமுதவள்ளி தலையை அசைத்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "சரிக்கா, வேலையப் பாப்போம்" என்றாள்.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. ஹஃபிஸின் மின்னஞ்சல்கள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. சில நாள் பெர்னிஸின் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே அறை மறுபடி அமைதியாகிவிடும். அமுதவள்ளி அவளோடு ரயில் நிலையம்வரை சேர்ந்து நடப்பதில்லை, முன்பு நடப்பாள். சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்தை பெர்னிஸ் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டாள். அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை காலைகளில் ஒரு காரியம் ஆரம்பித்தாள். வெளியே போகவேண்டிய படங்களைப் பெரிய தாளில் எடுத்து நடு மேசையில் விரிப்பார்கள். ஒருவர் வரைந்ததை மற்றவர்கள் சிவப்புப் பேனாவால் திருத்துவார்கள். படத்தில் பெயர் இருக்காது. தேதி கொடுப்பதென்றால், அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்களைக் கேட்டுத்தான் சிவநேசனிடம் போவாள். ஒரு முறை அவர், "இவ்வளவு நாளா?" என்று முகம் சுளித்தார். "ஆமா சார், இவ்வளவு நாள்" என்று சொல்லிவிட்டு வந்தாள். 

பூச்சோங் வேலை அவளுக்கு வரவில்லை. ஆனால் அதற்கு யாரைத் தலைமையாகப் போடலாம் என்று சிவநேசன் அவளிடம்தான் கேட்டார்.

"அமுதவள்ளிய போடுங்க சார்."

"அந்தப் பைப் ஓட்டை..."

"அவங்கதான் சார். ரேம்ப்ப நிறுத்தினதும் அவங்கதான். தன் தப்பு இல்லாத ஒண்ணுக்காக, தன்னை அவமானப்படுத்தினவகிட்ட வந்து நின்னாங்க. எனக்கு அந்த இடத்துல அந்தத் தைரியம் வந்திருக்குமான்னு தெரியல."

சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வாரம் யோசித்தார். பிறகு கொடுத்தார்.

புதிய குழுவுக்குக் கீழ்மாடியில் இடம். அமுதவள்ளி தன் சாமான்களை எடுத்துக்கொண்டு இறங்கிய அன்று, அவளுடைய திரைகளில் ஒன்றை பெர்னிஸ் தூக்கிக்கொண்டு படியில் பின்னாலேயே வந்தாள். மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"உங்களாலதான் இந்த வேலை கெடச்சுதுன்னு சார் சொன்னாரு" என்றாள் அமுதவள்ளி. "அதுக்காகப் பழசெல்லாம் மறந்துட்டேன்னு சொல்லமாட்டேன்கா."

"மறக்கவேணாம்."

அமுதவள்ளி கம்பிகளைப் பிரித்துச் சொருக ஆரம்பித்தாள். எந்தக் கம்பி எதற்கு என்று பார்த்துக்கொண்டே, "வெள்ளிக்கிழம மேல வரட்டுமா? எங்க படத்தையும் விரிச்சுப் பாக்கலாம். இங்க எல்லாரும் புதுசு, நான் சொன்னா தலையத் தலைய ஆட்டுறாங்க" என்றாள்.

"வா. ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சிடுவோம்."

வெள்ளிக்கிழமை அமுதவள்ளி தன் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். முதலில் விரித்தது பெர்னிஸ் தானே வரைந்த ஒரு மாடிப்படி. ஹஃபிஸ் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கதவைச் சுற்றி வட்டம் போட்டான். இது திறந்தால் படியில் நிற்கிறவர் மேல் இடிக்கும் என்றான். டேரன் எட்டிப் பார்த்து, "ஐயோ, யாருலா இப்படி—" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். கீழ்மாடியிலிருந்து வந்த புதியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாந்தான்" என்றாள் பெர்னிஸ். "பேனாவக் குடு, வேற என்ன இருக்குன்னு பாப்போம்."